அகர வரிசையில் ஐந்து மரங்கள்

வாவிக் கரையில் மாமா நடத்தும் இயற்கைக் கல்வி நிலையத்துக்கு இப்போது மேல்மாடி இருக்கிறது. பள்ளிக்கூட வான் வண்டிகள் நிறுத்த இடம், பறவை பார்க்கத் தொலைநோக்கிகள், சேற்றில் வளரும் கண்டல் காட்டுக்குள் நீண்டு போகும் மரப்பாலம் எல்லாம் வந்துவிட்டன. வராத ஒன்று, மரங்களுக்குப் பெயர்ப்பலகை. போன மாதம் நான் போயிருந்தபோது வழிகாட்டும் பெண், வந்திருந்த பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னாள்.

"இஞ்ச ஒரு மரத்துக்கும் பேர் எழுதி வைக்கல்ல. வாசிச்சிட்டுப் போனா மறந்திருவீங்க. கேட்டுக் கேட்டுத்தான் பழகணும். இதுதான் எங்கட முறை."

கூட வந்த ஆசிரியர்கள் தலையசைத்தார்கள். ஒருவர் குறித்தும் கொண்டார். பின்னால் கதிரையில் இருந்த மாமா வாவியைப் பார்த்தார். நானும் வாவியையே பார்த்தேன். அந்த முறை எப்படிப் பிறந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்த நிலையம் மாமா மலைநாட்டிலிருந்து இரண்டாவது முறை திரும்பி வந்து கட்டியது. முதல் முறை வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என் அம்மாவின் தம்பி. மலைநாட்டில் ஓர் இயற்கைக் கல்வி நிலையத்தில் நாலு வருடம் வேலை பார்த்தவர். அங்கே பிள்ளைகள் மரங்களைத் தொட்டும் மணந்தும் படிக்கிறார்களாம். அவர்களுக்கு மலை இருந்தது. வாவியின் மேற்கே படுவான்கரையில் நமக்குச் சேறும் கண்டலும் இருந்தன. மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. மீனவர் சங்கத்து ஆட்களைச் சேர்த்துக் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டார். பழைய தோணிப் பலகைகளைக் கொண்டு சேற்றுக்கு மேலே நாற்பது அடியில் ஒரு பாலம் கட்டினார். பாலத்தின் கைப்பிடியில், ஒவ்வொரு மரத்துக்கும் நேரே, கொக்கியில் ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. ஐந்து மரம், ஐந்து பலகை. பலகையில் பெயருக்குக் கீழே, அந்த மரத்தை வைத்து என்ன செய்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தது.

கரைக்காணி அரசாங்கத்துடையது. காணி அதிகாரி ஒருவர் வந்து பார்த்து ஒப்பம் வைத்தால்தான் கொட்டில் நிற்கும். அவர் வருகிற நாளன்று நானும் அம்மாவும் அக்கரையில் எங்கள் ஊரான கல்லடியிலிருந்து விடியவே போயிருந்தோம். தோணியில் அம்மா சொன்னார்:

"அந்தச் சேர் ஒப்பம் வைக்கல்லயெண்டா உன்ட மாமா திரும்பவும் மலைக்கு ஏறிருவான். ஒண்டிலயும் கை வைக்காம ஒழுங்கா இரி."

ஒழுங்கு என்ற சொல் மட்டும் என் மனதில் நின்றது.

பெரியவர்கள் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது நான் பாலத்தில் நடந்து பலகைகளை வாசித்தேன். நீர்முள்ளி, கண்ணா, தில்லை, கண்டல், கிண்ணை. எனக்குத் திக்கென்றது. அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் அகர வரிசை படிப்பித்திருந்தார்கள். முதலில் 'நீ', பிறகு 'க', பிறகு 'தி', திரும்பவும் 'க'! எங்கள் பள்ளிக்குக் கல்வி அதிகாரி வருவதற்கு முதல்நாள், சுவரில் ஒட்டியிருந்த பெயர்களை எல்லாம் ரீச்சர் கழற்றி வரிசையாக ஒட்டியதும், அதிகாரி அதைப் பாராட்டியதும் எனக்கு ஞாபகம் இருந்தது. மாமாவுக்கு இது தெரியவில்லையே என்று பாவமாக இருந்தது.

பலகைகள் பாரமில்லை. கண்டல், கண்ணா, கிண்ணை, தில்லை, நீர்முள்ளி என்று மாற்றி மாட்டினேன். இரண்டாவதை நான் தொடவில்லை. அது முதலே சரியான இடத்தில் இருந்தது. மாமா இரண்டு தடவை அந்த வழியால் போனார். ஒன்றும் கவனிக்கவில்லை. அவர் பலகைகளைப் பார்ப்பதே இல்லை. மரங்களைத்தான் பார்ப்பார்.

அதிகாரி பெரிய உடம்புக்காரர், சிரித்த முகம். பாலம் ஒடுக்கம் என்பதால் அவர் முன்னால் நடந்தார். மாமாவும் சங்கத் தலைவரும் பின்னால் வந்தார்கள். நான் அவர்களுக்கும் பின்னால், பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் பலகையை அவர் சத்தமாக வாசித்தார். "கண்டல். இதன் வேர்க்கால்களை எண்ணிப் பாருங்கள்." எட்டிப் பார்த்தார். முள் இலைகளோடு ஒரு பற்றைதான் நின்றது. "காலையே காணல்ல, எழும்பி ஓடிட்டோ?"

"தண்ணி ஏறிக் கிடக்கு சேர்," என்றார் மாமா, பாலத்தின் ஆடும் பலகையொன்றை மிதித்துப் பிடித்தபடி.

இரண்டாவது, கண்ணா. இலையை நக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தது. அதிகாரி ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது. "அடடே, உப்புத்தான்! நல்லா இரிக்கே இது!" சங்கத் தலைவர் மாமாவின் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாவது பலகைக்கு அவர் பிள்ளை மாதிரி ஓடினார். "கிண்ணை. பழம் தின்னலாம். இலையைக் கிள்ளி மணந்து பாருங்கள்."

கிள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். பால் வடிந்த விரலாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக் கண்ணையும் தேய்த்தார்.

அவ்வளவு பெரிய மனிதர் ஒருவர் அப்படிக் கத்துவார் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. கைப்பிடியில் மோதினார். ஒரு கால் பாலத்துக்கு வெளியே போய்ச் சேற்றில் புதைந்தது. "தெரியுதில்ல! ஐயோ, ஒண்டும் தெரியுதில்ல!" என்று இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவினார்.

"தில்லை! அது தில்லை! பால் பட்டாக் கண் போயிரும்! கண்ணக் கசக்காதீங்க சேர்!" மாமா அவர் கைகளைப் பிடித்து முதுகுப்பக்கம் மடக்கினார். யாரோ வாளியில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மாமா வாளி வாளியாக அவர் கண்களில் ஊற்றினார். அதிகாரி மூச்சுத் திணறி அழுதார். பிறகு அவரைத் தூக்கி இயந்திரத் தோணியில் ஏற்றிப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய ஒற்றைச் சப்பாத்து சேற்றிலேயே கிடந்தது. அதைப் பார்த்தபடி நான் நின்ற இடத்திலேயே நின்றேன். (நாலாம் நாள் அவருக்குப் பார்வை திரும்பியது. ஒப்பம் மட்டும் வரவில்லை.)

தோணிச் சத்தம் அடங்கியதும் மாமா பாலத்தில் நடந்து, அன்றுதான் முதன்முறையாக, பலகைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் வரிசையாக அடுக்கினார்.

"ஆரோ வேணுமெண்டு செஞ்ச வேல இது," என்றார் சங்கத் தலைவர். "ஆரெண்டு தெரியட்டும், கைய முறிக்கிறன்."

"நான்தான் மாமா," என்றேன். பலகைகளைக் காட்டினேன். "நீங்க கலைச்சுப் போட்டிருந்தீங்க. நான் அகர வரிசையில வைச்சன்."

அம்மா ஓங்கிய கை அப்படியே நின்றது. மாமா பலகைகளைக் குனிந்து பார்த்தார். உதடுகள் மெல்ல அசைந்தன: க, க, கி, தி, நீ.

பிறகு சிரித்தார். வாசலிலேயே குந்தி, தலையைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியாத்தான் வைச்சிரிக்காள் அக்கா! ஒரு பிழையில்ல!" சங்கத் தலைவர் வாய் பார்த்து நின்றார். எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. மாமா சிரிக்கிறார் என்றால் இனிப் பயமில்லை.

ஆனால் சிரிப்பின் சத்தம் நின்ற பிறகும் அவர் தோள்கள் குலுங்கின. முகத்தை நிமிர்த்தியபோது கண்கள் சிவந்திருந்தன. தண்ணீர் தாடைவரை வழிந்தது. புறங்கையால் தேய்த்துக்கொண்டார். அதிகாரியின் கையைப் பிடித்தவரல்லவா, அந்தப் பால் இவர் கண்ணுக்குள்ளும் போய்விட்டது! மற்றவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பாதி நிரம்பியிருந்த வாளியை இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"கண்ணக் கசக்காதீங்க மாமா!" என்று கத்தியபடி முழுவதையும் அவர் முகத்தில் ஊற்றினேன்.