வெங்காய லொறியில் வந்த மாத்தளைக்காரி

நேற்றுக் காலை எங்கள் வாயிலில் வெங்காய மூடைகள் ஏற்றிய லொறியொன்று வந்து நின்றது. அந்நேரம் பார்த்து அடுத்த வீட்டு ஸப்னா கைப்பேசியை நீட்டி, "மாமா, மெடிக்கலுக்கு அப்ளை பண்ணிட்டேன், பாருங்களேன்!" என்றாள். மூக்கில் வெங்காயம், கண்ணில் மருத்துவபீடம்! இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தால் என் நெஞ்சு மாத்தளை மாவட்டத்து எங்கள் கலேவெலவில் தரித்து நில்லாது, நண்பரே. என் தங்கையின் பின்னே ஓடிவிடும்.

அக்காலத்தில் எங்கள் பக்கம் தமிழில் உயிரியல் கற்பிப்பார் இல்லை. ஆதலின் தங்கை கண்டியில் பெரியும்மா வீட்டில் தங்கிப் படித்தாள். தேர்வில் நன்றாகவே தேறினாள். மருத்துவபீடத்து இடங்களோ மாவட்டவாரியாகப் பகிரப்படுவன. கண்டிக்கு வேண்டிய புள்ளிகள் அவளிடம் இல்லை. மாத்தளைக்கு வேண்டியவை இருந்தன. கண்டியில் படித்தவளை மாத்தளைக்காரியென்று எவ்வாறு கொள்வதென ஐயுற்ற பல்கலைக்கழக அனுமதி அலுவலர், கொழும்புக்கு நேரில் வரப் பணித்தார். வேடிக்கை யாதெனில், கண்டித் தோழியர் அவளைக் "கலேவெலக் கத்தரிக்கா" என்பர். எங்களூரார் "கண்டி நோனா வந்துட்டா" என்று சீமாட்டியாக்குவர்.

நான் அப்போது புதிதாகப் பணியேற்ற தமிழாசிரியன். விடுவேனா? மாத்தளையின் ஆறுகள் எவை, எல்லைகள் யாவை என்று கொழும்புப் பேருந்தில் உடன்சென்று வழிநெடுக வினவினேன்.

"நானா, கொஞ்சம் சும்மா இருங்க. அம்பன் கங்கை எந்தப் பக்கம் ஓடுதுன்னே மறந்து போச்சு!" என்று அண்ணனின் வாயை அடைத்தாள்.

அலுவலர் ஆற்றையும் கேட்கவில்லை, எல்லையையும் கேட்கவில்லை. சிங்களத்தில் வினவினார்: "வெள்ளிக்கிழமை எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

"பஸ்ஸில, சேர்."

"பஸ் போயிட்டா?"

என் தங்கை சந்தைச் சிங்களத்தில் மடை திறந்தாள். "பண்டா மாமாட லொறி ஈக்குதே, சேர்! காலையில எங்க வாப்பாட கத்தரிக்காயும் வெங்காயமும் கண்டிக்கு ஏத்துவாரு. பின்னேரம் வெறுஞ்சாக்கோட நானும் வருவேன். முன்னுக்கு மாமியோட ஒக்காருவேன். மாமி என்ட தோள்லயே தூங்கிடுவா. வீட்டுக்கு வந்தா உம்மா, 'முதல்ல தலைய கழுவுடி, வெங்காயம் நாறுது'ன்னு கத்துவா."

அலுவலர் வாய்விட்டுச் சிரித்தார். எழுதுவினைஞரிடம் திரும்பி, "இந்தப் பிள்ளை மாத்தளைதான். கண்டியில எவ இப்படி வீட்டுக்குப் போறா?" என்றார். என் ஆறுகளும் எல்லைகளும் நாவிலேயே வற்றின. ஆயினும் படியிறங்குகையில் துள்ளியவன் நானே.

அனுமதிக் கடிதம் வந்த அன்று, வாப்பா கத்தரித் தோட்டத்திலிருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பண்டா மாமா கடைத்தெரு முழுதும் ஹோர்ன் அடித்துக்கொண்டே, "எங்கட டொக்டர் நோனா!" என்று கூவிச் சென்றார். அந்த லொறியில் ஏறி நானும் கூவினேன், செந்தமிழிலன்று.

பண்டா மாமா இன்றில்லை. மாமியும் இல்லை. தங்கையின் கூந்தலில் இப்போது மருத்துவமனை மணம். ஸப்னாவின் கைப்பேசியும் மாவட்டம் எதுவென்று கேட்டிருந்தது. விரலால் ஒருமுறை தொட்டாள், முடிந்தது. பஸ் போய்விட்டால் எப்படி வீடு சேர்வாய் என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் விடைக்கு என் முகத்தைத்தான் பார்த்திருப்பாள். கை காட்டினால் நிற்கும் லொறியொன்றும் இப்போது அந்தக் கண்டித் தெருவில் வருவதில்லை.