ஹேமா இல்லாத கோடை விடுமுறை

இந்த வாரம் டென்ட் பற்றி எழுதுவதாக இருந்தேன்.

வருடா வருடம் வெயில் ஏறத் தொடங்கியதும் நான் எழுதுகிற விஷயம்தானே? சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, டூர் ஏஜென்ட் இல்லாமல், ரிசார்ட் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காமல், கோடை விடுமுறைக்கு எப்படிப் போய் வருவது... "போன வருஷமும் இதையேதான் எழுதினீங்க" என்று திட்டுகிறவர்கள் உண்டு. திட்டி முடித்த கையோடு, "அது சரி, எந்த டிரெயின்?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

அந்த யோசனைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை இல்லை. ஹேமாவுடையவை.

தெலுங்கு பேசுகிற இந்த ஊரில், சனத்நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழ் வீடு. ஈரோட்டுப் பெண். கணவன் பாஸ்கருக்கு சாஃப்ட்வேர் வேலை. அஞ்சு, வருண் என்று இரண்டு குழந்தைகள். அஞ்சுவுக்கு இப்போது ஏழு வயது, வருணுக்கு நாலு. பாஸ்கரின் ஆபீஸில் எல்லோரும் கோடைக்கு கோவா, சிங்கப்பூர் என்று பறந்துகொண்டிருந்த காலத்தில் ஹேமா மட்டும் அசையமாட்டாள்.

"ஏனுங்க்கா, அங்கே போயும் பசங்க ஏசி ரூம்ல உக்காந்து டிவிதானே பாக்கறாங்க? அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகோணும்? மண்ணும் தண்ணியும் இருந்தாப் போதாதா?"

அவள் திட்டம் எப்போதும் எளிமைதான். பேகம்பேட்டில் பாசஞ்சர் ஏறினால் பாதி நாளுக்குள் போய்ச் சேருகிற ஊராக இருக்க வேண்டும். முதல் வேளைச் சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து. மற்றதெல்லாம் போகிற இடத்தில். உச்சி வெயிலில் மர நிழலை விட்டு யாரும் நகரக்கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு பசங்களைப் பிடிக்கவே கூடாது. அவரவர் பையை அவரவர்தான் அடுக்க வேண்டும் — மூன்று வயதுக் குழந்தையாக இருந்தாலும். "பொம்மைய மட்டும் வெச்சுட்டு ஜட்டிய மறந்துடுவான்க்கா. மறக்கட்டும். ஒரு நாள் இல்லாம இருந்தா என்ன?" என்று சிரிப்பாள்.

அப்படித்தான் நாங்கள் இரண்டு குடும்பமும் கோடைதோறும் போய்க்கொண்டிருந்தோம்.

போன மழைக்காலத்தில் ஹேமாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்கு அவளே ஆட்டோவில் ஏறிப் போனாள். ஏறும்போது, "அக்கா, ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்குது, எடுத்துக்கங்க. புளிச்சுரும்" என்றாள்.

திரும்பி வரவில்லை.

சொந்த ஊரில்தான் காரியம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பாஸ்கர், அஞ்சுவை மட்டும் கூட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸில் ஈரோட்டுக்குப் போனான். வருண் எங்கள் வீட்டில் இருந்தான். அம்மா எங்கே என்று கேட்டான். "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். அது பொய்கூட இல்லையே? ஊருக்குத்தான் போயிருந்தாள். அப்பாவும் அக்காவும் திரும்பி வந்தார்கள். அம்மா வரவில்லை. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

இங்கே பிறந்து இங்கே பள்ளிக்கூடம் போகிற குழந்தை. நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். "அம்ம ஊரிக்கி வெள்ளிந்தி" என்று வாட்ச்மேனிடம் சொல்வான், பால்காரரிடம் சொல்வான். 'ஊரு' இரண்டு மொழியிலும் ஒன்றுதான். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அஞ்சுவுக்கு எல்லாம் தெரியும். தம்பியிடம் சொல்லக்கூடாது என்று ஈரோட்டில் அத்தை சத்தியம் வாங்கியிருந்தார். அவள் சொல்லவில்லை. அவன் முன்னால் அழவும் இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் பாஸ்கர் மாடியேறி வந்தான்.

"அக்கா, பரீட்சை லீவு விட்டதும் பசங்களை ஈரோட்டுக்கு அனுப்பச் சொல்லி எங்கக்கா நிக்குது. லீவுக்கு மட்டும் இல்லீங்க. அங்கேயே ஸ்கூல்ல சேத்துடலாங்குது. ஆம்பள தனியா ரெண்டு பசங்கள எப்படிப் பாப்பேன்னு கேக்குது."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைங்க." வாசற்படியிலேயே உட்கார்ந்தான். "ஹேமா கூட்டிட்டுப் போற மாதிரி ஒருக்கா கூட்டிட்டுப் போய்ப் பாக்கறேன். ரெண்டு நாள் என்னால முடிஞ்சா மேக்கொண்டு பேசலாம். எப்படிப் போறதுன்னு சொல்லுங்க."

"தனியாவா? நக்கோ, வேண்டாம் பாஸ்கர். நாங்களும் வர்றோம்."

"வாங்க. ஆனா நீங்க எதுவும் செஞ்சு குடுக்கக் கூடாதுங்க."

போன சனிக்கிழமை கிளம்பினோம். நான், என் கணவர், பாஸ்கர், அவன் குழந்தைகள். பாசஞ்சரில் விகாராபாத், அங்கிருந்து ஆட்டோவில் அனந்தகிரி மலை. ஹேமாவோடு இதுவரை போகாத இடம். வேண்டுமென்றே அப்படித்தான் தேர்ந்தெடுத்தான் போலிருக்கிறது.

டிரெயினில் பாஸ்கர் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தான். உப்பு கூடிப்போயிருந்தது. நானும் என் கணவரும் பேசாமல் சாப்பிட்டோம். அஞ்சு, "நல்லாருக்குப்பா" என்றாள். ஏழு வயதுக் குழந்தை அவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லலாமா?

வருண் மட்டும் அன்று ரொம்ப சந்தோஷமாக இருந்தான். எந்த ஸ்டேஷன் வந்தாலும் எழுந்து நின்று, "இதேனா ஊரு?" என்று கேட்டான். இதுதான் ஊரா? டிரெயினில் போகிற எல்லாக் குழந்தைகளும் கேட்பதுதானே என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கோயில் சத்திரத்தில் இரண்டு அறை கிடைத்தது. டென்ட் அடிக்க முற்றத்தில் இடமும் தந்தார்கள். பாஸ்கரும் என் கணவரும் முளை அடிக்க, அஞ்சு கயிறு பிடித்தாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வருணைக் காணோம்.

கூப்பிட்டோம். பதில் இல்லை. பின்னால் மலைச்சரிவு, ஒரு பக்கம் கோயில் குளம். பாஸ்கர் கையிலிருந்த சுத்தியலைப் போட்டுவிட்டுக் குளத்தை நோக்கி ஓடினான். என் கணவர் பின்னாலேயே ஓடினார். நான் அஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்திரத்தைச் சுற்றி வந்தேன்.

அஞ்சுதான் கண்டுபிடித்தாள். "ஆன்டி... அங்க."

சத்திரத்தின் நீளத் தாழ்வாரத்தில் அவன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனான். ஒரு கதவு திறந்தது. ஈரத் தலையோடு யாரோ ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "எவரு காவாலி பாபு?" என்றார். யார் வேண்டும்?

"அம்ம" என்றான் வருண்.

"இங்கே இல்லையே" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வருண் அடுத்த கதவுக்குப் போனான். கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் போனதும்தான் தெரிந்தது... ஹேமாவின் மூக்குக்கண்ணாடி. அவனே அடுக்கிய பையில், துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"அம்ம மர்ச்சிபோயிந்தி" என்றான் என்னிடம். அம்மா மறந்துவிட்டுப் போய்விட்டாளாம். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதுவும் தெரியாதே, அதனால்தான் வீட்டுக்கு வழி தெரியவில்லை என்று முடிவு செய்திருக்கிறான். நாம் ஊருக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னதும், கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறான்.

அதற்குள் பாஸ்கர் திரும்பி ஓடி வந்துவிட்டான். பையனைப் பார்த்ததும் முகத்தில் வந்த உயிர், கண்ணாடியைப் பார்த்ததும் போய்விட்டது.

"அப்பா, அம்ம ஏ ரூம்லோ உந்தி?"

எந்த ரூமில் இருக்கிறாள்?

பாஸ்கர் தாழ்வாரத்துத் தரையிலேயே உட்கார்ந்தான். பையனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

அஞ்சு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா, சொல்லாதீங்கப்பா. அவன் அழுவான். ப்ளீஸ்ப்பா."

"அழுகட்டும் சாமி" என்றான் பாஸ்கர். "நீயும் அழு. யாரு வேண்டாம்னாங்க?"

பிறகு பையனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"வருண், அம்மா இங்க இல்ல கண்ணு. எந்த ஊர்லயும் இல்ல. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சில்ல? அது சரியாகல. அம்மா செத்துப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

சுற்றி வளைக்கவில்லை. சாமியிடம் போய்விட்டாள் என்றோ, நட்சத்திரமாகிவிட்டாள் என்றோ சொல்லவில்லை. அவன் அப்படிச் சொல்லியிருந்தால் வருண் அடுத்ததாக அங்கே போக வழி கேட்டிருப்பான்.

வருண் உடனே அழவில்லை. கண்ணாடியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "மரி இதி?" என்றான். அப்படியானால் இது?

பாஸ்கர் கண்ணாடியோடு சேர்த்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகுதான் அழுகை வந்தது. அப்பாவின் நெஞ்சில் குத்தினான், உதைத்தான், சட்டையைப் பிடித்துக் கிழித்தான். நான் ஓரடி முன்னால் போனேன். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாஸ்கர் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு பிள்ளையை விடாமல் பிடித்திருந்தான். வருணின் குரல் கம்மிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவன் அப்பா மடியிலேயே தூங்கிப்போனான்.

வெயில் தாழ்ந்ததும் எழுந்தான். பசிக்கிறது என்றான். பாஸ்கர் ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிண்டினான். குழந்தைகள் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பிறகு காய்ந்த சருகைக் குவித்து அதன்மேல் குதித்து விளையாடினார்கள். ஆமாம், விளையாடினார்கள். விளையாட்டின் நடுவே திடீரென்று நின்று, "எப்பவுமே வர மாட்டாளா?" என்று தெலுங்கில் கேட்பான் வருண். "வர மாட்டாங்க கண்ணு" என்பான் பாஸ்கர். மறுபடியும் குதிப்பான். அன்றைக்கு அந்தக் கேள்வி எத்தனையோ முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

மறுநாள் காலை ஈரோட்டிலிருந்து பாஸ்கரின் அக்கா போன் செய்தார். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது. அதனால் எங்களுக்கும் கேட்டது.

"சொல்லிட்டேங்க்கா... ஆமா, அவன்கிட்டயும் சொல்லிட்டேன்... இல்லீங்க்கா, அனுப்பல. லீவுக்கு வேண்ணா நானே கூட்டிட்டு வர்றேன். ஸ்கூல் இங்கதான்... தெரியலீங்க்கா. முடியுதான்னு பாக்கறேன்."

முடியுமா? எனக்கும் தெரியவில்லை. அவன் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேருகிற நேரத்துக்குக் குழந்தைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். உப்புமாவில் இந்தத் தடவை உப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாசஞ்சரில் திரும்பினோம். எதிர் சீட்டில், கூடை நிறைய மாங்காயோடு ஒரு தெலுங்கு அம்மாள். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மாங்காய் கொடுத்தார். கொடுத்தால் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

"மீ அம்ம எக்கட பாபு?" உங்கம்மா எங்கே?

வருண் மாங்காயைக் கடிப்பதை நிறுத்தினான்.

"அம்மா செத்துப் போயிட்டாங்க" என்றான்.

தமிழில். தெலுங்கில் கேட்ட கேள்விக்கு, எப்போதும் தெலுங்கிலேயே பேசுகிற பையன், தமிழில் பதில் சொன்னான். அவன் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசி நான் கேட்டது அன்றுதான். அந்தச் சேதியை அவனுக்கு அப்பா எந்த வார்த்தைகளில் சொன்னானோ, அதே வார்த்தைகளில் அப்படியே சொன்னான். வேறு வார்த்தை அவனிடம் இல்லை.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. சிரித்தபடி அஞ்சுவைப் பார்த்து, "ஏமன்டுன்னாடு?" என்றார். என்ன சொல்கிறான்?

அஞ்சு அப்பாவைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல் பாஸ்கர் தலையை அசைத்தான்.

"மாக்கு அம்ம லேது, ஆன்டி" என்றாள். எங்களுக்கு அம்மா இல்லை.

சொல்லி முடித்தாள். அத்தனை மாதமாக அவள் வாய்க்குள் வைத்திருந்தது அது. உதடு கோணியது. எழுந்து போய் அப்பாவின் கிழிந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தமாக, பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அழுதாள். வருண் தன் மாங்காயை அவள் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தான். பேகம்பேட் வரும்வரை அவள் அழுகை நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

கோடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்த வருடம் என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது. எங்கே போகிறோம், யார் யார் வருகிறார்கள் என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யார் வரவில்லை என்பதையும்.