எதிர்த்துப் பேசாத மகள்

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. என்னைப் போலவே கூச்சக்காரி. அவளைக் கெடுப்பதென்றால், அவளோடு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஷாலினிதான் கெடுப்பாள் என்று பயந்தேன். ஷாலினி ஆண்களையே கிண்டலடிக்கும் வாயாடி.

ஒருநாள் சர்க்கரை மருந்து வாங்க எங்கள் ஊர் ஜெலாப்பாங் கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கூச்சத்தை மறந்து ஷாலினியைக் கேட்டுவிட்டேன்.

"என்ன பண்ணித் தொலைச்ச? துணைக்கு என் பிள்ளை வேறயா?"

மகள் சட்டைக் கையை மெல்ல ஏற்றினாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எச்.ஐ.வி. டெஸ்ட் எனக்குத்தாம்மா. நான் பழகுன பையன் ஆணுறை வேணாம்னு சொன்னான். எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"நானா இருந்தா வெளிய போடான்னு சொல்லிருப்பேன், ஆண்ட்டி. இவ ஒரு வாரமா அழுவுறா லா. அதான் இழுத்துட்டு வந்தேன்," என்றாள் ஷாலினி.

நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். சில வாரம் கழித்துச் செய்யும் மறு சோதனையும் முடிந்து, நோய் இல்லை என்று தெரியும்வரை மூன்று பேரும் சேர்ந்தே போய் வந்தோம்.

யாரையும் எதிர்த்துப் பேசாதே என்றுதான் அவளை வளர்த்தேன். அவனிடமும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. இப்போது என்னிடம் "முடியாதும்மா" என்று அவள் சொல்லும்போது, எனக்குக் கோபம் வருவதில்லை.