வாயைத் திறக்காத டார்லீன் பச்சேக்கோ

“எரிமலைகூட உள்ள இருக்கிறத ஒருநாள் கக்கிடும். டார்லீன் பச்சேக்கோ கக்க மாட்டா.”

எங்கள் தீவின் ஹிலோ நகரத்தில், மருத்துவ உதவியாளர் படிப்பின் முதல் வாரத்தில், வகுப்பின் நடுவே எழுந்து நின்று டார்லீன் இப்படி அறிவித்தாள். நோயாளியின் சேதி ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டக் கூடாது, நோயாளியிடமே ஆனாலும் முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை நகசோனே டீச்சர் அப்போதுதான் விளக்கி முடித்திருந்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்தவர்கள் மேல் குற்றமில்லை. எங்கள் தெருவில் ஒருத்தி புருஷனோடு கோபித்துக்கொண்டு பெட்டி கட்டினால், அது அந்தப் புருஷனுக்குத் தெரிவதற்கு முன் டார்லீனுக்குத் தெரிந்துவிடும். டார்லீனுக்குத் தெரிந்தால் துறைமுகத்து மீன்கடை வரை தெரிந்த மாதிரி. சுனாமிச் சங்கு ஒருமுறை பழுதானபோது, அதைச் சரிசெய்யும் வீண்செலவு எதற்கு, டார்லீனிடம் சொன்னால் போதாதா என்று பொறுப்புள்ள குடிமக்கள் சிலர் யோசனை சொன்னதுண்டு.

நகசோனே டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “பாக்கலாம், டார்லீன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

மக்கடேமியாக் கொட்டை ஆலையில் உடைந்த கொட்டையையும் உடையாத கொட்டையையும் பிரித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் டார்லீன். ஆலையை மூடியபோது அவளுக்கு ஐம்பது வயது. அடுத்து என்ன என்று அவள் முழித்துக்கொண்டிருந்தபோது வழி காட்டியது மோமி கனஹேலே. ஆலையில் இத்தனை வருடமும் பக்கத்து நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்தில் எதிரி. “ஊர்ல எல்லார் வியாதியும் உனக்கு அத்துப்படி. இனிமே சம்பளம் வாங்கிட்டுத் தெரிஞ்சுக்கோயேன்டி” என்றாள் மோமி. மருத்துவத் துறைக்கு டார்லீன் கிடைத்தது இப்படித்தான்.

வகுப்பில் மகள் வயதுப் பெண்களெல்லாம் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். இரத்த அழுத்தம் பார்க்கவும், ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போடவும், இன்சூரன்ஸ் எண்களை ஒன்றுக்கொன்று மாறாமல் பதியவும் அவர்களோடு சேர்ந்து கற்றாள். நரம்பில் இரத்தம் எடுத்துப் பழகுவதற்கு ஒரு ரப்பர் கை உண்டு. ஊசியை எடுக்குமுன் அதனிடம் எந்த ஹைஸ்கூல், எந்த வருஷம் என்று விசாரித்துவிட்டுத்தான் குத்துவாள். இந்தத் தீவில் அதைக் கேட்காமல் ஒருவரைத் தொடுவது மரியாதையில்லை என்பது அவள் கட்சி. நகசோனே டீச்சர் இதற்கு மதிப்பெண் குறைத்ததாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. டார்லீன் உண்மையாகவே வாயை மூடிக்கொண்டாள்.

படிப்பின் கடைசிக் கட்டமாக ஊரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில், முன்மேசையில் அவளை உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் சந்தையில் அவளைச் சுற்றி வளைத்தார்கள். அந்த மீன்பிடிக்காரன் எதற்கு வாரம் தவறாமல் வருகிறான், பாதிரியாருக்கு அப்படி என்ன இருமல் என்று கேட்டார்கள். டார்லீன் ஒரு பப்பாளியைத் தூக்கிப் பார்த்து, இது இன்னும் பழுக்கவில்லை என்றாள். ஒரு பொதுச்சேவை நின்றுபோனதை ஊரால் தாங்க முடியவில்லை. இரண்டு பேர் அவளோடு பேசுவதையே விட்டார்கள்.

மோமியும் அந்தக் கிளினிக்குக்குத்தான் வந்தாள். வயிற்றில் விட்டுவிட்டு வலி. ஆனாலும் உடம்பு இளைத்ததில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பேரனின் முதல் பிறந்தநாளுக்குக் கல்யாணப் புடவை மாதிரிப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பூப்போட்ட கவுனுக்குள் இப்போது நுழைய முடிகிறதாம். டாக்டர் ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அங்கேயும் போய் எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் ஹமசாகி டார்லீனை உள்ளே கூப்பிட்டார். மோமிக்குக் கணையத்தில் புற்று, எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, செய்வதற்கு அதிகம் இல்லை என்றார். திங்கட்கிழமை கடைசி ஆளாக, மகளோடு வரச்சொல்லி நேரம் கொடுக்கச் சொன்னார்.

“நாளைக்குத்தான பேரனுக்குப் பிறந்தநாள்? பாவம், அது நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும்…”

“தெரியும் டாக்டர்” என்றாள் டார்லீன்.

வெளியே வந்து உட்கார்ந்தாள். ஒரு வருடமாகச் சட்டத்துக்காகவும் சான்றிதழுக்காகவும் கொஞ்சம் வீம்புக்காகவும் மூடியிருந்த வாய். இப்போது முதல்முறையாக அதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளை மோமிக்கு முழுசாகக் கொடுத்துவிட வேண்டும்.

கல்லூரியில் பழக்கிய குரலை வரவழைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திங்கட்கிழமை, கடைசி நேரம், மகளையும் அழைத்துவர முடியுமா என்று வழவழப்பாகக் கேட்டாள்.

“யாருடி இது, ஏரோப்ளேன்ல டீ கொடுக்கிற பொண்ணு மாதிரிப் பேசறது?” என்றாள் மோமி. “ரிசல்ட் வந்துடுச்சா? என்னவாம்?”

“டாக்டர் சொல்லுவார், மிஸஸ் கனஹேலே.”

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மிஸஸ் கனஹேலேயா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நாளை சீக்கிரம் வந்து அரிசி கழுவு, உன் படிப்பையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லி வைத்தாள். போனை வைத்தபின் டார்லீன் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். ஆனாலும் ஒரு வார்த்தை கசியவில்லை. நகசோனே டீச்சர் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்.

சனிக்கிழமை ஹிலோவில் மழை பெய்தது. பெய்யாத சனிக்கிழமை ஏது. மோமி வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வேலி வரை நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பள்ளத்தில் சுட்ட பன்றியை ஆண்கள் தூக்கிவந்து பிய்த்தார்கள். பிறந்தநாள்காரன் மாலையைத் தின்றுகொண்டிருந்தான். பூப்போட்ட கவுனில் மோமி எல்லார் முன்னாலும் ஒருமுறை சுற்றிக் காட்டினாள். “பாருங்க, இடுப்பு திரும்பி வந்துடுச்சு.” எல்லாரும் கைதட்டினார்கள். டார்லீனும் தட்டினாள். எப்போதும் சொல்வதுபோல, காட்டுப்பன்றிக்குக் கவுன் மாட்டினால் இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னாள். குரல் பிசகவில்லை. இப்படியே சாயங்காலம் வரை தள்ளிவிடலாம் என்று அவளுக்கே தைரியம் வந்தது.

விருந்துக்கு வர முடியாமல் வீட்டில் படுத்திருப்பவர்களுக்குத் தட்டு எடுத்து வைத்த பிறகுதான் எங்கள் தெருவில் யாரும் சாப்பிடுவார்கள். அந்த வேலை எப்போதும் டார்லீனுடையது. யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குப் பல் இல்லை என்பதெல்லாம் அவள் கைக்கே தெரியும். சமையலறையில் தனியாக நின்று ஒவ்வொரு தட்டாக நிரப்பி, அலுமினியத் தாள் போட்டு மூடி, ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். மனம் எங்கோ இருந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது.

மோமி ஐஸ் எடுக்க உள்ளே வந்தாள். வந்தவள், வழக்கப்படி, நோயாளிகளுக்குக் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறாளா என்று ஒவ்வொரு தட்டாகத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். கடைசித் தட்டில் கை நின்றது.

அதில் மூன்று நாள் புளித்த சேப்பங்கிழங்குக் கூழ், மேலே சர்க்கரை. கொழுப்பில்லாத கறி கொஞ்சம். தக்காளி போட்ட சால்மன் மீன் இரண்டு பங்கு. வெங்காயம் பொறுக்கி எடுக்கப்பட்டிருந்தது. புளித்த கூழுக்குச் சர்க்கரை போட்டுத் தின்கிற ஜன்மம் எங்கள் தெருவில் ஒன்றுதான் உண்டு. அதற்காக ஆலையில் இத்தனை வருடமும் டார்லீனிடம் ஏச்சு வாங்கியதும் அதே ஜன்மம்தான்.

“இது யாருக்குடி?” என்றாள் மோமி.

டார்லீன் திரும்பினாள். தட்டைப் பார்த்தாள். படுத்திருப்பவர்களின் வரிசையில் தன் கை மோமியையும் சேர்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சொல்வதற்குப் பொய்கள் இல்லாமலில்லை; அந்தக் கலையில் அவளுக்கு முன் அனுபவம் ஏராளம். ஆனால் அரிசிப் பானையின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

வெளியே யாரோ கிடாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மோமி தாளை மறுபடி ஓரம் ஓரமாக அழுத்தி மூடினாள். கதவைச் சாத்தினாள். ஐஸ் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

“திங்கக்கிழமை அவரு சொல்லப் போறது இதானா?”

டார்லீன் ஒரு துணியை எடுத்து, சுத்தமாகவே இருந்த மேடையைத் துடைத்தாள்.

“என்னால ரெண்டு நாள் இதை வயித்துல வெச்சுக்கிட்டுச் சுத்த முடியாதுடி. அந்த வெள்ளை ரூம்ல, பேப்பர் விரிச்ச கட்டில்ல உக்காந்து, அவரு வாயால முதல்ல கேக்கவும் வேண்டாம்.” மோமியின் குரல் தணிந்துதான் இருந்தது. “உன் சர்டிபிகேட் போயிடும்னா சொல்லாத. நான் கேக்கல. போகாதுன்னா சொல்லு.”

போகும் என்று டார்லீனுக்கு நன்றாகத் தெரியும்.

“போகாது” என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஐஸ் பெட்டியின் மேல் மோமியை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னாள்.