பெட்டி திறக்கும் பக்கம்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளுக்கு ‘மெயின் சுவிட்ச்’ என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், “மெயின் சுவிட்ச் வருது” என்று பேச்சை அப்படியே அணைத்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

அவள் கதையைக் கேட்டால் கல்லும் கரையும். தாயை இழந்த தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். துணி தைக்கும் தொழிற்சாலையில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவள். வந்த வரன்களையெல்லாம், “முதல்ல என் தம்பி படிச்சு முடிக்கட்டும்” என்று திருப்பி அனுப்பினாள். அவன் படித்து முடித்தான், வேலைக்கும் போனான். அதற்குள் வரன்கள் வருவது நின்றுபோயிருந்தது. அந்த வயிற்றெரிச்சலை யார் மேலாவது கொட்ட வேண்டாமா? அதற்கென்றே வந்து சேர்ந்தாள் தம்பியின் மனைவி.

வாசல் கதவை ஒட்டி ஒரு பழைய ஃபியூஸ் பெட்டி இருந்தது. தம்பி மனைவி சத்தமாகச் சிரித்தால், பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், அவளைப் பார்க்க அவளுடைய அம்மா வந்துவிட்டால், அக்கா அந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். வீடு முழுக்க இருட்டும் புழுக்கமுமாகக் கிடக்கும். பச்சைக் குழந்தையோடு தம்பி மனைவி பிரசவம் முடிந்து வந்த கோடைக்காலத்திலும் அக்கா அப்படித்தான் செய்தாள். அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பெண் ஒரு பழைய செய்தித்தாளை மடித்துக் குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். சாவகாசமாகத் திரும்பி வந்த அக்கா கேட்டாள்: “வேர்த்தா உன் பிள்ளை கரைஞ்சா போயிடும்?”

தம்பி என்றைக்குமே எதுவும் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் போன பிறகுதான் வீட்டை இடித்துப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரெல்லாம் சாக்பீஸால் கோடு இழுத்து, மீசையிலும் வெள்ளை அப்பிக்கொண்டு நின்றார்.

“அந்தப் பழைய ஃபியூஸ் பெட்டியக் கழட்டிடணும் பெரியம்மா. ஏசி, கீசர், ஓவன் ஒவ்வொண்ணுக்கும் தனி லைன் வேணும். வாசல்ல புது மெயின் பெட்டி வெச்சிடலாம். பின்னாடி ரெண்டு ரூமுக்கும் சேர்த்து ஒரு சின்னப் பெட்டி, சப்-பேனல். அங்க ஏதாவது ட்ரிப் ஆனா வாசலுக்கு ஓடி வர வேணாம் பாருங்க.”

“பின்னாடி ரெண்டு ரூம்னா? என் ரூமும் இவ ரூமுமா?”

“ஆமாங்க.”

“இவளோட ஒரே வீட்ல இருக்கறதே நான் செஞ்ச பாவம். இதுல பெட்டி வேற ஒண்ணா? எனக்குத் தனிப் பெட்டி போடுப்பா.”

“ஒரு ரூமுக்காகத் தனிப் பெட்டி யாரும் போட மாட்டாங்கம்மா.”

“யாருக்கும் போடாததைத்தான் எனக்குப் போடச் சொல்றேன்.”

பக்கத்தில் நின்ற தம்பி மனைவி சிரித்தாள். “அண்ணி ஆசைப்பட்டுக் கேக்கறாங்க. போட்டுக் குடுங்க.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் சொன்னதற்கு அவள் மனசார ஆமாம் போட்டது அன்றுதான். அக்காவுக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. தலைக்கனம் கண்ணை மறைத்துவிட்டது, பாவி மகளுக்கு!

“எங்க வெக்கட்டும்? நடையில வெச்சா எல்லாருக்கும் வசதி,” என்றார் எலக்ட்ரீஷியன்.

“எல்லாருக்கும் வசதியா இருக்கவா நான் தனிப் பெட்டி கேக்கறேன்? என் சுவத்துல வை.”

அவர் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுவர் முழுக்க ஜன்னல். குளியலறையை ஒட்டிய சுவரில் ஈரக்கசிவு. வாசல் பக்கச் சுவரைக் கதவும் அலமாரியும் அடைத்திருந்தன. மிச்சமிருந்த சுவரை முழுசாக மறைத்துக்கொண்டு அவளுடைய இரும்பு பீரோ நின்றது.

“பீரோவ மட்டும் கொஞ்சம் தள்ளிட்டா...”

“அது அங்கிருந்து நகராது. நான் செத்தப்புறம் வேணும்னா நகரும்.”

காகிதத்தில் போட்டிருந்த வீட்டுப் படத்தை அவர் நீட்டினார். பீரோ நின்ற சுவர் அதில் ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் அவள் விரலை வைத்து அழுத்தினாள். “இங்க வை. இதுக்கு மேல பேச்சில்ல.” பிறகு, தனக்கென்று தனி பேனல் வரப்போகும் செய்தியை ஒவ்வொரு மாடியாகச் சொல்லக் கிளம்பிவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். “பீரோவுக்குப் பின்னாடி வெச்சா பெட்டியத் திறக்கவே முடியாதே மேடம்.”

“சுவர் ஒண்ணுதானே? அந்தப் பக்கம் எங்க ரூம். எங்க பக்கம் திறக்கற மாதிரி வெச்சிடுங்க,” என்றாள் தம்பி மனைவி.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். “சரி, பெரியம்மா ரூம்ல லோடு என்ன?”

“அந்த ரூம்ல இருக்கற ஒரே லோடு அவங்கதான்.”

அவர் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று ஓரமாக நின்ற தம்பியைப் பார்த்தார். தம்பி செல்போனிலிருந்து நிமிரவில்லை.

“ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக்,” என்றாள் அவள். “அதுக்கு மேல தாங்காத மாதிரி போடுங்க.”

வேலை முடிந்து பெயின்ட் வாசம்கூட அடங்கியிருக்கவில்லை. அக்கா தன் அறைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“எங்கடா என் பெட்டி?”

“நீ காட்டின சுவத்துலதான்க்கா இருக்கு,” என்றான் தம்பி. “அந்தப் பக்கமாப் போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தாள். தம்பி மனைவியின் கட்டிலுக்கு மேலே சுவரில் புத்தம்புதுப் பெட்டி. கண்ணாடிக் கதவுக்குள் ஒரே ஒரு சுவிட்ச். அதன் கீழே அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: அண்ணி.

தம்பி மனைவி அதை ஒருநாளும் அணைக்கவில்லை. அணைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், அக்கா அந்த ஒற்றைப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் செருகி, வெந்நீர்க் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டாள். பட்டென்று ஒரு சத்தம். அவள் அறையில் மட்டும் இருட்டு. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் மிக்ஸி இரைந்தது. ஏசி ஜில்லென்று உறுமியது.

“டேய், கரண்ட் போயிடுச்சுடா.”

“எல்லாருக்கும் இருக்கேக்கா. உனக்குத்தான் போயிருக்கும். அவகிட்ட சொல்லு.”

உயிரைக் கொடுத்து வளர்த்த தம்பி சொல்கிற பேச்சா இது! கொஞ்ச நேரம் இருட்டிலேயே உட்கார்ந்து பார்த்தாள். வேர்த்து ஊற்றியது. மிக்ஸி நின்று, தம்பி மனைவி அறைக்குப் போகும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா?”

“அண்ணி.”

கதவு உடனே திறந்தது. “அடடா, வாங்க அண்ணி. உங்க பெட்டிதானே? நீங்களே போட்டுக்கங்க.” அவள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள்.

அக்கா கட்டிலோரம் நின்று கையை உயர்த்தினாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி எம்பினாள். வளைந்த முதுகு நிமிர மறுத்தது. விரல் நுனி கண்ணாடிக் கதவின் அடியில் உரசி உரசிக் கீழே இறங்கியது. தம்பி மனைவி தன் உயரத்துக்கு அளந்து வைத்த பெட்டி அது. அவள் ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

“எட்டலையா அண்ணி? அடப்பாவமே! இருங்க.” ஹால் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “என்னங்க! உங்க அக்காவுக்கு எட்டலையாம். வந்து போட்டு விடுங்க.”

“விளம்பரம் வரட்டும்,” என்றான் தம்பி. “வரேன்.”

இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். விளம்பரம் வரவில்லை.