யாருடைய இருபது?

அந்தக் கார்த்திகை மாதக் காலையில் என் மனைவி பரமேஸ், குளிர் மேலங்கியின் முதற் பொத்தானோடு மூன்று முறை போராடினாள். நாங்கள் குடியேறிய ரொக்ஸ்பரோவில் பஸ் வர இன்னும் பதினான்கு நிமிடங்களே இருந்தன.

"கெதியாப் பூட்டும். பஸ் போகப்போகுது."

"விரல் சொல்வழி கேக்குதில்லை."

ஆறு பொத்தான்களையும் நானே பூட்டி, அவளைத் தரிப்பிடத்துக்கு நடத்திச் சென்றேன். பஸ்ஸின் படியில் அவளது வலது கால் ஏற மறுத்தது. சாரதிதான் அம்புலன்ஸை அழைத்தார்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் மருத்துவர். உங்களில் யாருக்காவது கையோ காலோ திடீரென்று சொன்னதைக் கேட்காவிட்டால், என்னைப்போல் பஸ்ஸைப் பற்றி யோசிக்காமல் உடனே அம்புலன்ஸை அழையுங்கள். நான் வீணாக்கிய அந்தப் பதினான்கு நிமிடங்களை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வாரங்களில் வீடு திரும்பினாள். மெல்ல நடந்தாள். வலது கை மட்டும் மடியில் கிடந்தது. இரண்டு மாதங்களின் பின் பரிசோதிப்போம், தானாக உடுத்தவும் உண்ணவும் முடியாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஆறு வாரங்களைத் தவிர, ஐம்பத்தொரு வருடங்கள் நாங்கள் பிரிந்திருந்ததில்லை.

இயன்மருத்துவம் (பயிற்சியால் அசைவையும் பலத்தையும் மீட்கும் சிகிச்சை) செய்ய ஒரு பெண்மணி வாரம் இருமுறை வந்தார். மேசையில் துவாயை விரித்து, வலது கையால் அதை முன்னே தள்ளவேண்டும். நாளொன்றுக்கு இருபது முறை. எத்தனை முறை என்று கொப்பியில் எழுதுவது என் பொறுப்பு.

நாலாவது தள்ளலில் அவள் உதடு நடுங்கும். எனக்குப் பொறுக்காது. என் கையை அவள் கைமேல் வைத்து மிச்சத்தைத் தள்ளிவிடுவேன். '20' என்று எழுதுவேன்.

நாலாம் வாரம் அந்தப் பெண்மணி கொப்பியைப் புரட்டினார். பிறகு பரமேஸின் கையை அழுத்திப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அருகில் நின்ற எங்கள் மகள் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்:

"அப்பா, இது ஆருடைய இருபது எண்டு கேக்கிறா."

பரமேஸ் சிரித்தாள்.

"அப்பான்ரை கை நல்லாத் தேறிட்டுது எண்டு சொல்லு, பிள்ளை."

அந்தப் பெண்மணியும் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அவள் தானே முயலும்போதுதான் மூளை அந்தக் கைக்குப் புதிய வழி தேடும். நான் தள்ளினால் தேடாது. பார்த்துக்கொண்டிருக்க முடியாவிட்டால், என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வைத்துக்கொண்டேன். அன்று '4' என்று எழுதினேன். மறுநாளும் நாலு. ஒரு நாள் ஒன்பது, அடுத்த நாள் ஆறு. என் கை அசைந்தாலே, "அங்காலை இருங்கோ" என்பாள். நீங்களும் இப்படி ஒருவருக்கு அருகில் இருந்தால், சிறிய எண்களை எழுதக் கூச்சப்படாதீர்கள்.

பரிசோதனை நாளன்று அவளே மேலங்கியை எடுத்தாள். இரண்டாவது பொத்தானில் ஒரு பஸ் போயிற்று. ஐந்தாவதில் இன்னொன்று.

"அவசரமெண்டா நீங்கள் முன்னுக்குப் போங்கோ," என்றாள்.

நாங்கள் நாற்பது நிமிடம் பிந்திப் போனோம். ஏன் பிந்தியது என்று கேட்டார்கள். பரமேஸ் மேலங்கியைத் தொட்டுக் காட்டினாள். ஒரு பொத்தான் துளை மாறியிருந்தது. அவள் கரண்டி பிடிப்பதையும் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது பஸ்ஸுக்கு முப்பத்தொரு நிமிடங்கள் முன்பே தொடங்குகிறோம். தரிப்பிடம்வரை நடக்கப் பதினொன்று. மிச்ச நேரம் அவள் பொத்தான்களைப் பூட்ட, நான் வாசல் வாங்கில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இருபது அவளுடையது.