அக்கா கொண்டுவந்த கூறைப்புடவை

கடை மேசைமேல் தன் அரக்கு நிறக் கூறைப்புடவையை அக்கா வைத்த அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "இத்த தண்ணி மிஷின்ல போடு நைனா. போனா என்னுதுதானே போவும்" என்றார்.

காட்டுப்பாக்கத்தில் டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவன் நான். அக்கா எனக்கு உறவில்லை. கறை எடுக்கும் மேசையில் பல வருடம் வேலை பார்த்தவர். டிரை கிளீனிங்கில் தண்ணீர் கிடையாது, துணியை ஒரு ரசாயனத்தில் அலசுவோம். அதை மருந்து என்போம். அந்த மருந்தின் நெடி அறைக்குள் நாள் முழுக்க நிற்கும். மதியத்துக்குள் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொள்வார். "தல கிர்ருனு சுத்துது நைனா" என்பார். "வெளியே போய் ஒரு டீ குடிச்சிட்டு வாக்கா" என்பேன். பெரிய வைத்தியன் நான்!

பட்டுத்துணியையும் கம்பளியையும் தண்ணீரிலேயே பதமாகத் துவைக்கும் இயந்திரம் ஒன்றை, பத்து நாள் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு விற்பனையாளர் விட்டுப் போயிருந்தார். வாடிக்கையாளரின் பட்டைத் தண்ணீரில் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. சுருங்கினால்? சாயம் போனால்? திருப்பி அனுப்பப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள்தான் அவர் புடவையோடு வந்தார்.

நான் ஓர் அவசரக்குடுக்கை. சூட்டைக் குறைக்காமல் போட்டுவிட்டேன். கரையின் பச்சைச் சாயம் ஒரு சாண் அகலத்துக்குப் புடவையில் இறங்கிவிட்டது. அக்கா அதை விரித்துக் கரையைத் தடவிப் பார்த்தார். "தண்ணி இன்னா பண்ணும்? நீதான் சூடு ஜாஸ்தி வெச்சிட்ட. பச்சத் தண்ணில இன்னொரு தபா போடு" என்றார். போட்டேன். இம்முறை சாயம் அசையவில்லை, பட்டும் சுருங்கவில்லை. இயந்திரத்தை வைத்துக்கொண்டேன். பழையதை ஓரங்கட்டினேன்.

இப்போது கடையில் சோப்பு வாசம்தான். அக்கா வேலையை விட்டுவிட்டுத் திருவேற்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். தலைச்சுற்றல் மட்டும் அவரை விடவில்லை. போன மாதம் பார்க்கப் போனேன். இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிடலாம் என்று, "அந்தப் புடவையைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். "பொடவ கெடக்குது வுடு. ஊரான் ஊட்டுப் பொடவைக்கு அவ்ளோ பயந்தியே நைனா, என் தலைக்கு ஒரு நாளாவது பயந்தியா?"